புரதப் படிகம் வளர்த்தல்: மாதிரிக் குழாயிலிருந்து திரவ நைட்ரஜன் வரை

புரதப் படிகவியலுக்கு, அதாவது புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் அதன் கட்டமைப்பை அறியும் துறைக்கு, புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஸ்கிரீன் தொகுப்பை (படிகம் வருகிறதா என்று சோதிக்க விற்கப்படும் பலவகைக் கரைசல்களின் வரிசை) வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன்பு கேட்க வேண்டியது, "என் குழாயில் இருப்பது என்ன?" என்பது. படிகம் வராத தட்டுகளில் பெரும்பாலானவை, துளி வைப்பதற்கு முன்பே தோற்றுவிட்டவை. மீதமுள்ளவற்றில் பல, நல்ல படிகம் வந்த பிறகு அவசரத்தால் வீணானவை.

கையால் பைப்பெட் செய்து, 24 குழித் தட்டில் தொங்குதுளி முறையில் படிகம் வளர்த்து, அதைத் திரவ நைட்ரஜனில் உறைய வைப்பது வரைக்குமான வழிகாட்டி இது. எக்ஸ் கதிர்த் தரவு சேகரிப்பும் கட்டமைப்புத் தீர்வும் இதில் இல்லை. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு முன்தேவை.

1. சொந்தப் புரதத்தைத் தொடும் முன் லைசோசைம்

கோழிமுட்டை வெள்ளைக்கரு லைசோசைம் மலிவானது, கடையில் தூளாகவே கிடைக்கும், ஒரே இரவில் படிகமாகும். அது படிகமாகாவிட்டால் குறை உங்கள் கையிலோ கரைசலிலோ இருக்கிறது. இந்தச் சோதனையைத் தாண்டாமல் சொந்தப் புரதத்தை எடுத்தால், பிறகு எதைச் சந்தேகிப்பது என்றே தெரியாது.

புரதத்தை 20 மில்லிமோலார் சோடியம் அசிடேட்டில் (பிஎச் 4.6) மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் வருமாறு கரையுங்கள். தேக்கக் கரைசலில் (குழியை நிரப்புவது; துளி அதற்கு மேலே மூடுகண்ணாடியில் தொங்கும்) எல்லாக் குழிகளுக்கும் 0.1 மோலார் சோடியம் அசிடேட், பிஎச் 4.6. சோடியம் குளோரைடை மட்டும் இடமிருந்து வலமாக 4, 5, 6, 7, 8, 9 விழுக்காடு என்று ஏற்றுங்கள். குழிக்கு 500 மைக்ரோலிட்டர். துளிக்கு 2 மைக்ரோலிட்டர் புரதம், 2 மைக்ரோலிட்டர் தேக்கக் கரைசல். வைக்கும் முறை 5 ஆம் படியில். 20 டிகிரி செல்சியசில் வையுங்கள்.

மறுநாள் பார்த்தால் இடப்பக்கம் சில பெரிய படிகங்களும் வலப்பக்கம் எண்ணற்ற சிறு படிகங்களும் இருக்கும். உப்பு கூடக் கூடப் படிக உட்கரு, அதாவது படிகம் வளரத் தொடங்கும் நுண்துகள், உருவாவது பெருகுகிறது. இருக்கும் புரதத்தை அத்தனை உட்கருக்களும் பங்குபோட்டுக்கொள்வதால் எதுவும் பெரிதாக வளர்வதில்லை. பின்னால் மேம்படுத்தும்போது செய்யப்போவதெல்லாம் இந்தப் பங்கீட்டைச் சரிசெய்வதுதான். ஆகவே இந்தத் தட்டை எறிந்துவிடாதீர்கள். படிகம் எடுத்துப் பழகவும் இதுதான் உதவும்.

செறிவை அளப்பதையும் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் லைசோசைம், 280 நானோமீட்டரில் 1 சென்டிமீட்டர் பாதைக்கு ஏறத்தாழ 2.64 உறிஞ்சளவு காட்டும். 50 மில்லிகிராம் கரைசலை நேரடியாகக் கருவியில் வைத்தால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. நூறு மடங்கு நீர்த்தால் 1.3 அருகில் வரும், அதை நம்பலாம்.

2. மேசையில் தயாராக இருக்க வேண்டியவை

இருப்புக் கரைசல்கள் (பிறகு நீர்த்துப் பயன்படுத்தும் செறிவான கரைசல்கள்) அனைத்தையும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டுங்கள். தூசித் துகளின் மேல் உட்கரு உருவாகும்; அந்தப் படிகத்தை மறுபடி உருவாக்க உங்களால் முடியாது. வடிகட்டாத கரைசலில் சில வாரங்களில் பூஞ்சையும் வரும். அதன் இழைகளை ஊசிப் படிகம் என்று நினைத்துப் படமெடுத்து அனுப்புகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. பூஞ்சையைத் தடுக்க 0.02 விழுக்காடு சோடியம் அசைடு சேர்ப்பது வழக்கம்தான். ஆனால் அது கடும் நஞ்சு. அமிலத்துடன் சேர்ந்தால் நச்சு வாயு வரும், செம்பு, ஈயக் குழாய்களில் ஊற்றினால் வெடிக்கக்கூடிய சேர்மம் உண்டாகும். கழிவைத் தனிப் புட்டியில் சேருங்கள்.

உப்பைப் போலவே புரதத்தைக் கரைசலிலிருந்து வெளியே தள்ளும் வீழ்படிவாக்கி பாலிஎத்திலீன் கிளைக்கால், அதாவது பெக். அது 50 விழுக்காடு என்றால் 50 கிராமை எடுத்துக் கரைத்து மொத்தக் கன அளவை 100 மில்லிலிட்டராக்குவது. 50 கிராமுடன் 100 மில்லிலிட்டர் நீர் ஊற்றுவது அல்ல. இந்தக் குழப்பம் நேர்ந்தால் வேறு யாரும் உங்கள் படிகத்தை மறுபடி வளர்க்க முடியாது, நீங்களும்தான். பெக் பழசாக ஆகப் பெராக்சைடு சேரும், பிஎச் நகரும். ஒளி படாமல் வைத்து, புட்டியில் தயாரித்த தேதியை எழுதுங்கள்.

தாங்கல் கரைசலின் (பிஎச் மாறாமல் பிடித்துவைப்பது) பிஎச்சை எந்த அமிலம் கொண்டு சரிசெய்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும். அசிட்டிக் அமிலத்தால் 4.6க்குக் கொண்டுவந்த அசிடேட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கொண்டுவந்ததும் அயனிகளின் கணக்கில் ஒன்றல்ல. 'டிரிஸ்' என்னும் தாங்கல் என்றால் வெப்பநிலையையும் எழுதுங்கள். 25 டிகிரியில் 8.0 ஆக இருப்பது 4 டிகிரியில் 8.6 அருகே போய்விடும்.

மற்றவை: 0.5 முதல் 2 மைக்ரோலிட்டர் வரை எடுக்கும் நல்ல பைப்பெட், சிலிக்கோன் பூச்சுள்ள 22 மில்லிமீட்டர் மூடுகண்ணாடிகள், சிரிஞ்சில் அடைத்த வெற்றிடக் கிரீஸ், போலரைசர் (ஒளியை ஒரே தளத்தில் அதிரவிடும் வடிகட்டி) பொருத்திய நுண்ணோக்கி, 20 டிகிரியில் நிலையாக நிற்கும் வளர்ப்பறை. பூச்சில்லாத கண்ணாடியில் துளி பரந்து தட்டையாகிவிடும். குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசர் அதிர்வு தட்டுக்கு ஆகாது. மின்தடை அடிக்கடி வரும் ஊரில் வளர்ப்பறைக்கு யுபிஎஸ் இணைப்பு கட்டாயம். ஒரு மதிய வெப்பத்தில் கரைந்துபோன படிகம், குளிர்ந்ததும் அதே வடிவில் திரும்பி வராது.

3. புரதத்தை விசாரித்தல்

நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒரு வாரம் இங்கே கூடுதலாகப் போனாலும் நட்டமில்லை.

எஸ்டிஎஸ் ஜெல்லில் (புரதங்களை அவிழ்த்து அளவுவாரியாகப் பிரிக்கும் மின்புலச் சோதனை) ஒரே பட்டை தெரிவது தேவையானது, ஆனால் போதாது. ஜெல் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டுத்தான் காட்டும். கரைசலில் புரதம் தனியாக இருக்கிறதா, கும்பலாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதற்கு அளவு விலக்கு நிறப்பகுப்பு வேண்டும்; அதில் பெரியவை முன்னும் சிறியவை பின்னும் வெளிவரும். கடைசித் தூய்மையாக்கும் படி எப்போதும் இதுவாகவே இருக்கட்டும். ஒற்றைச் சமச்சீர் சிகரம் வந்தால் நல்லது. எல்லாவற்றுக்கும் முன்னால் வெளிவரும் சிகரம் திரண்ட புரதம். அதன் வால் உங்கள் சிகரத்தோடு கலந்திருந்தால், அந்தப் பகுதியில் சேகரித்த குழாய்களைத் தயங்காமல் விலக்குங்கள். "புரதம் குறைவாக இருக்கிறதே" என்று எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்வது புதியவர்களின் பழக்கம். பாதிப் புரதத்தை விட்டுக்கொடுத்துத் தூய்மையை வாங்குவது இந்த வேலையில் எப்போதும் இலாபம்.

ஒளிச்சிதறல் கருவி இருந்தால் பரவல் அளவை, அதாவது துகள்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பதைப் பாருங்கள். 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நம்பிக்கையோடு தொடரலாம். அதிகமென்றால் ஸ்கிரீனுக்குப் போகாதீர்கள். தாங்கல் கரைசல், உப்பளவு, ஈந்தணைவி (புரதத்தோடு பிணையும் சிறு மூலக்கூறு), புரதத்தில் வெட்ட வேண்டிய நெகிழ்வான முனைகள் ஆகியவற்றை மாற்றிப் பாருங்கள்.

புரதம் இருக்கும் தாங்கல் கரைசல் மெலிதாக இருக்க வேண்டும். 10 அல்லது 20 மில்லிமோலார் ஹெப்பிஸோ டிரிஸ்ஸோ, 100 முதல் 150 மில்லிமோலார் உப்பு போதும். அது வலுவாக இருந்தால், தேக்கக் கரைசலின் பிஎச் துளிக்குள் செயல்படாது. நீங்கள் சோதிப்பதாக நினைக்கும் பிஎச் ஒன்று, துளியில் இருப்பது வேறொன்று. பாஸ்பேட் வேண்டவே வேண்டாம். ஸ்கிரீனில் உள்ள கால்சியம், மக்னீசியத்துடன் சேர்ந்து அழகான உப்புப் படிகங்களைத் தரும். கிளிசரால் 5 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். அது கரைதிறனைக் கூட்டி உட்கரு உருவாவதைத் தடுக்கும்.

சேமிப்பு: 20 முதல் 50 மைக்ரோலிட்டர் பங்குகளாக மெல்லிய சுவருள்ள பிசிஆர் குழாய்களில் பிரித்து, திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைத்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். குழாய் மெல்லியதென்றால் குளிர்வது விரைவு. குளிர்வது விரைவென்றால் புரதத்துக்குச் சேதம் குறைவு. ஒருமுறை உருக்கிய பங்கை மீண்டும் உறைய வைக்கக் கூடாது. மீந்ததை ஜெல்லுக்குப் பயன்படுத்துங்கள்.

4. செறிவு எவ்வளவு?

மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். இது விதியல்ல, புறப்படும் இடம் மட்டுமே. லைசோசைம் 50 கேட்கிறது. பல புரதங்கள் ஒன்றுசேர்ந்த சில தொகுதிகள் 3 மில்லிகிராமிலேயே வீழ்படிவாகிவிடும்.

முழு ஸ்கிரீனையும் செலவழிக்கும் முன், உப்பு, பெக் இரண்டிலும் வலுவான, மெலிதான தேக்கக் கரைசல்களாக நான்கு துளிகள் வைத்துப் பாருங்கள். வலுவானவற்றில் மெல்லிய வீழ்படிவும் மெலிதானவற்றில் தெளிவும் வந்தால் செறிவு சரி. எல்லாமே உடனே பழுப்பாகத் திரண்டால் பாதியாக நீர்த்துங்கள். எல்லாமே கண்ணாடிபோல் இருந்தால் செறிவைக் கூட்டுங்கள். முழு ஸ்கிரீன் வைத்த பிறகும் இதே கண்ணோட்டம்தான்: ஏறத்தாழ பாதித் துளிகளில் வீழ்படிவு என்றால் நீங்கள் சரியான இடத்தில் நிற்கிறீர்கள்.

5. துளி வைக்கும் வரிசை

அ) உருக்கிய புரதத்தை 4 டிகிரியில், 14,000 ஜி விசையில் பத்து நிமிடம் மையவிலக்கில் சுழற்றி, மேல்நீரைப் புதிய குழாய்க்கு மாற்றுங்கள். அடியில் எதுவும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இதைத் தவிர்க்க வேண்டாம்.

ஆ) குழி விளிம்பில் கிரீஸ் தடவுங்கள். வளையம் முழுமையடையும் முன் சிறிய இடைவெளி விடுங்கள். மூடும்போது உள்ளிருக்கும் காற்று அதன் வழியே வெளியேறும். அழுத்திச் சற்றே திருப்பினால் இடைவெளி மூடிக்கொள்ளும்.

இ) எல்லாக் குழிகளிலும் தேக்கக் கரைசலை முதலில் நிரப்பி நன்றாகக் கலக்குங்கள். பெக் அடியில் தங்கிவிடும். கலக்காமல் மேலிருந்து எடுத்த 2 மைக்ரோலிட்டரில் பெரும்பாலும் நீர்தான் இருக்கும்.

ஈ) ஒரு வரிசைக்கான ஆறு மூடுகண்ணாடிகளை மட்டும் எடுத்துத் தூசியை ஊதி, புரதத்தை முதலில் வையுங்கள், பிறகு அதன் மேல் அந்தந்தக் குழியின் தேக்கக் கரைசலை. பைப்பெட்டின் இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தினால் குமிழி வரும். துளியை மேலும் கீழும் உறிஞ்சிக் கலப்பதா வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. நான் கலப்பதில்லை. எதைச் செய்தாலும் எல்லாத் துளிகளிலும் அதையே செய்யுங்கள்.

உ) கண்ணாடியைத் தயங்காமல் கவிழ்த்து மூடுங்கள். 24 கண்ணாடிகளையும் பரப்பிவைத்துத் துளி போட்டால், கடைசித் துளிக்கு வரும்போது முதல் துளி உலர்ந்து வீழ்படிவாகியிருக்கும். குளிர்சாதனக் காற்று நேரே அடிக்கும் மேசையில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

ஊ) மூடும் முன்பே, ஒரே கண்ணாடியில் சற்றுத் தள்ளி இன்னொரு துளி: புரதத்துக்குப் பதிலாகப் புரதமில்லாத அதே தாங்கல் கரைசல். இந்தக் கட்டுப்பாட்டுத் துளிக்குச் செலவு ஒன்றுமில்லை. பல வாரக் குழப்பத்தை இது மிச்சப்படுத்தும்.

இதெல்லாம் எதற்கு என்றால், கலந்தவுடன் துளியில் வீழ்படிவாக்கியின் செறிவு தேக்கக் கரைசலில் இருப்பதில் பாதி. நீர் ஆவியாகித் தேக்கத்துக்குப் போகிறது. துளி மெல்லச் சுருங்கி, கரையக்கூடியதைவிட அதிகப் புரதம் இருக்கும் அதிதெவிட்டிய நிலைக்குள் நுழைகிறது. கிரீஸில் விரிசல் இருந்தால் துளி எல்லையில்லாமல் உலரும். அளவு தவறினால் தொடங்கும் புள்ளியே மாறிவிடும்.

6. பார்ப்பதற்கும் ஒரு கால அட்டவணை

வைத்தவுடன் ஒருமுறை பாருங்கள். அப்போதே வீழ்படிவாக இருந்ததையும் பிறகு வீழ்படிவானதையும் பின்னால் பிரித்தறிய முடியாது. அடுத்து 1, 2, 3, 7, 14, 30 ஆம் நாள்கள். நடுவில் ஆர்வத்தில் தட்டை எடுத்து எடுத்துப் பார்ப்பது வெப்பநிலையையும் அமைதியையும் கெடுக்கும்.

'ஒன்றுமில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். தெளிவு, மெல்லிய வீழ்படிவு, பழுப்பு வீழ்படிவு, எண்ணெய்த் துளிபோல் பிரிந்த நிலை, உருண்டைக் கொத்து, ஊசி, தகடு, முப்பரிமாணப் படிகம் என்று எட்டுக் குறியீடுகள் போதும். எண்ணெய்போல் பிரிந்த துளிகளைப் புதியவர்கள் தோல்வியாகக் குறிக்கிறார்கள். பல நேரங்களில் படிகம் அதன் விளிம்பிலிருந்துதான் கிளம்பும்.

போலரைசர் வழியே பார்த்தால் படிகம் நிறம் மாறி மின்னும். ஆனால் கனசதுர அமைப்புள்ளவை மின்னா. பிளாஸ்டிக் தட்டும் ஒட்டுநாடாவும் தாமாகவே மின்னும். ஆகவே மின்னுவதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

7. உப்பா, புரதமா?

முதலில் கட்டுப்பாட்டுத் துளியைப் பாருங்கள். அங்கும் அதே படிகம் இருந்தால் அது உப்பு, விசாரணை முடிந்தது.

இல்லையென்றால் புற ஊதா ஒளியில் டிரிப்டோபான் ஒளிர்கிறதா என்று பாருங்கள். டிரிப்டோபான் இல்லாத புரதத்துக்கு இது பயன்படாது. நிறையப் படிகங்கள் இருந்தால் ஒன்றை ஊசியால் தொட்டுப் பார்க்கலாம். புரதப் படிகத்தில் ஏறத்தாழ பாதி கரைப்பான்தான். வெல்லக் கட்டியைப் போல் பொடிந்துவிடும். உப்பு 'டிக்' என்று எதிர்த்து நிற்கும். மெத்திலீன் நீலச் சாயத்தைப் புரதப் படிகம் உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் சாயமிட்ட துளியை அதன்பின் வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது.

இறுதித் தீர்ப்பு எக்ஸ் கதிரிடம். எங்கோ தொலைவில் சில வலுவான புள்ளிகள் மட்டும் வந்தால் உப்பு. நெருக்கமாகப் பல புள்ளிகள் வரிசையிட்டால் புரதம்.

8. மேம்படுத்தலும் விதையிடலும்

முதலில் அதே நிலையை அப்படியே, கையால் தயாரித்த கரைசலில் மறுபடி செய்யுங்கள். ஸ்கிரீன் புட்டியில் வந்தது உங்கள் கரைசலில் வராவிட்டால், கரைசலைச் சரிசெய்த பிறகே மேலே போக வேண்டும்.

பிறகு 24 குழிகளில் நான்கு பிஎச், ஆறு வீழ்படிவாக்கிச் செறிவுகள். ஒரு தட்டில் இரண்டு மாறிகள் மட்டும். வெப்பநிலை, சேர்க்கைப் பொருள், துளியின் விகிதம் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

ஊசிகளும் சிறு கொத்துகளுமே தொடர்ந்து வந்தால் விதையிடுங்கள், அதாவது அந்தப் படிகங்களின் துகள்களைப் புதிய துளிகளில் சேருங்கள். படிகம் உள்ள துளியில் 50 மைக்ரோலிட்டர் தேக்கக் கரைசலைப் படிப்படியாகச் சேர்த்து, படிகங்களை நொறுக்கி, சிறு மணி போட்ட குழாய்க்கு மாற்றி, அரை நிமிடம் குலுக்கல், அரை நிமிடம் பனிக்கட்டி என்று மாற்றி மாற்றிச் சிலமுறை செய்யுங்கள். குலுக்கும் சூடு விதைகளைக் கரைத்துவிடும் என்பதால்தான் பனிக்கட்டி. நீரிலோ வெறும் தாங்கல் கரைசலிலோ நொறுக்கினால் விதை கரைந்தே போகும். பத்து, நூறு, ஆயிரம் மடங்கு நீர்த்த விதைகளைத் தனித்தனித் துளிகளில் வையுங்கள். கொத்தாக வந்தால் இன்னும் நீர்த்துங்கள்.

அந்த விதையை மீண்டும் முழு ஸ்கிரீனிலும் போட்டுப் பார்க்கலாம்: மூன்று பங்கு புரதம், இரண்டு பங்கு தேக்கக் கரைசல், ஒரு பங்கு விதை. தானாக உட்கரு உருவாகாத நிலைகளிலும் விதை இருந்தால் படிகம் வளரும். பலமுறை, முதல் நிலையைவிட நல்ல படிகம் வேறெங்கோ கிடைக்கும்.

9. குளிர்காப்புக் கரைசல்: துளியைத் திறக்கும் முன்

தரவு பெரும்பாலும் 100 கெல்வினில் எடுக்கப்படுகிறது. படிகத்துக்குள்ளும் சுற்றிலும் உள்ள நீர் பனிப்படிகமாகாமல் கண்ணாடி நிலையில் உறைய வேண்டும். அதற்கே கிளிசரால், எத்திலீன் கிளைக்கால், பெக் 400 போன்றவை.

இங்கே நடக்கும் தவறு ஒன்று எல்லா ஆய்வகத்திலும் உண்டு. 750 மைக்ரோலிட்டர் தேக்கக் கரைசலில் 250 மைக்ரோலிட்டர் கிளிசரால் ஊற்றுகிறார்கள். உடனே வீழ்படிவாக்கியின் செறிவு முக்கால்வாசியாகக் குறைகிறது. படிகம் விரிசல் விடுகிறது அல்லது கரைகிறது. "கிளிசரால் ஒத்துக்கொள்ளவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார்கள். படிகத்தைக் கொன்றது நீர்த்தல், கிளிசரால் அல்ல.

கிளிசரால் இடம்பிடிக்க வேண்டியது நீரின் இடத்தை மட்டுமே. லைசோசைமின் 6 விழுக்காட்டுக் குழியை எடுத்துக்கொள்வோம். அதில் உப்பு ஏறத்தாழ 1 மோலார். 25 விழுக்காடு கிளிசராலுடன் 1 மில்லிலிட்டர் தயாரிக்க: 1 மோலார் சோடியம் அசிடேட் 100 மைக்ரோலிட்டர், 5 மோலார் சோடியம் குளோரைடு 200, பாதிக்குப் பாதி நீர்த்த கிளிசரால் 500, நீர் 200. அசிடேட்டும் உப்பும் தேக்கத்தில் இருந்த அளவிலேயே நிற்கின்றன. இருப்புக் கரைசல்கள் போதிய செறிவோடு இல்லையென்றால் இந்தக் கணக்கு முடியாது. 2 ஆம் படியில் 50 விழுக்காடு பெக் என்றதற்குக் காரணம் இதுவும்தான்.

படிகம் இல்லாமலேயே சோதியுங்கள். நைலான் வளையத்தில் இந்தக் கரைசலை எடுத்துத் திரவ நைட்ரஜனில் முக்கிப் பாருங்கள். தெளிவாக இருந்தால் சரி. வெண்மையானால் 5 விழுக்காடு கூட்டுங்கள். தேக்கக் கரைசலிலேயே பெக் 400 போன்றது 35 விழுக்காடு இருந்தால் தனிக் காப்பு பெரும்பாலும் தேவைப்படாது.

10. எடுத்தலும் உறைய வைத்தலும்

காற்றோட்டமுள்ள அறை, கண்ணாடிக் கவசம், தளர்வான காப்புக் கையுறை. திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறத்தாழ 700 மடங்கு விரிந்து ஆக்சிஜனை வெளியே தள்ளும். நைட்ரஜன் நிரம்பிய டியூவரோடு (வெற்றிடக் காப்புள்ள பாத்திரம்) லிஃப்டில் யாரும் ஏறக் கூடாது.

வளையத்தின் அளவு படிகத்தின் அளவுக்கு ஒத்திருக்கட்டும். பெரிய வளையம் தேவைக்கு அதிகமான திரவத்தை ஏந்தி, எக்ஸ் கதிர்ப் பிம்பத்தின் பின்னணி இரைச்சலைக் கூட்டி, குளிர்வதையும் மெதுவாக்கும். படிகத்தை அடியிலிருந்து ஏந்துங்கள், துரத்தாதீர்கள். மூடுகண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஊசியால் துளியின் மேல் படர்ந்த தோலைப் பக்கத்தில் விலக்கி, அதுவாக விடுபடும்வரை பொறுங்கள்.

குளிர்காப்பில் சில நொடிகள் விட்டு நுண்ணோக்கியில் கவனியுங்கள். விளிம்பு மழுங்கினாலோ கோடு விழுந்தாலோ அடுத்ததை 5, 10, 15 என்று படிப்படியாகக் கிளிசரால் ஏற்றி நகர்த்துங்கள். பிறகு ஒரே அசைவில் நைட்ரஜனுக்குள். பாத்திரம் விளிம்புவரை நிரம்பியிருக்க வேண்டும். பாதி நிரம்பிய பாத்திரத்தில் திரவத்தின் மேல் குளிர்ந்த வாயுப் படலம் தடிமனாக நிற்கும். படிகம் திரவத்தைத் தொடும் முன் அதிலேயே மெதுவாகக் குளிர்ந்துவிடும்.

கடலோர நகரங்களின் ஈரக்காற்றில் நைட்ரஜனுக்குள் பனித்தூள் விரைவில் சேரும். மூடி போட்டே வையுங்கள், பாதியில் புதிய நைட்ரஜனுக்கு மாறுங்கள். பனி ஒட்டிய படிகத்தின் எக்ஸ் கதிர்ப் பிம்பத்தில் 3.9, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராமில் வளையங்கள் தெரியும்.

உறைந்த படிகம் மோசமாக விளிம்பு மங்கிய புள்ளிகளைத் தந்தால், இன்னொன்றை அறை வெப்பநிலையிலேயே கதிரில் வைத்துப் பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் பிரச்சினை உறைய வைத்ததில். அங்கும் மோசமென்றால் 8 ஆம் படிக்கோ 3 ஆம் படிக்கோ திரும்ப வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மாதக்கணக்கில் குளிர்காப்பை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

11. அனுப்பும் முன்

உலர் போக்குவரத்து டியூவரை முந்தைய நாளே நிரப்பி, உள்ளிருக்கும் உறிஞ்சுபொருள் ஊறிய பிறகு மீந்த திரவத்தைக் கொட்டிவிட்டுத்தான் படிகங்களை வைக்க வேண்டும். நிரப்பும் முன்னும் பின்னும் எடை போட்டுக் குறியுங்கள். அடுத்தமுறை எடை குறைவாக ஏறினாலோ ஒரே நாளில் வேகமாக இறங்கினாலோ காப்பு பழுதாகியிருக்கிறது.

எக்ஸ் கதிர்த் தரவு எடுக்கும் ஒத்திசைவு முடுக்கி (சின்க்ரோட்ரான்) மையத்தின் ரோபோ, வளையத்தைத் தாங்கும் 'பின்' என்ற தண்டு எந்த நீளத்தில் இருந்தால் ஏற்கும், எந்தப் பெட்டியை ஏற்கும் என்பதை உறைய வைக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பொருந்தாத பின்னை உறைந்த பிறகு மாற்ற முடியாது.

ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு வரி: பெட்டி எண், இடம், புரதப் பங்கின் தேதி, தட்டும் குழியும், குளிர்காப்பு, வளைய அளவு, படிகத்தின் தோற்றம். உறைய வைக்கும்போது ஒருவர் படிகம் எடுக்கவும் இன்னொருவர் எழுதவும் இருக்கட்டும். கையுறையோடு தனியாக எழுத முயன்றால், நான்காவது படிகத்துக்கு மேல் குறிப்புகள் நின்றுவிடும்.